கடைமடை ராமாத்தாள்

ராமாத்தாள் உட்கார்ந்து சோறு தின்று யாரும் பார்த்ததில்லை. வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்கும் நடந்தபடியே தின்பாள். பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோயிலில் பூசை முடிவதற்குள் நாலு தரம் வெளியே போய்ச் செருப்பைப் பார்த்துவிட்டு வருவாள். புருஷன் பொங்கியண்ணன் இடுப்பு எலும்பு தேய்ந்து கயிற்றுக்கட்டிலோடு ஆகிவிட்டவர். "என்ற பங்குக்கும் சேத்து அவ நடக்கறா, அவ பங்குக்கும் சேத்து நான் படுத்திருக்கறேன்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில் ஊஞ்சப்பதி என்ற ஊரில் அவர்களுக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம். ஊரில் தமிழ் பேசுகிற வீடுகள் அதிகம். நடுநடுவே மலையாளம் பேசுகிற வீடுகள். அணையிலிருந்து வருகிற வாய்க்கால் மேட்டோரமாகவே ஊரைச் சுற்றிப் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் இருக்கிற கடைசி மடை ராமாத்தாளுடையது. அதற்கு முந்தின மடை ஜிபியுடையது. ஜிபியின் அப்பா தெற்கே பாலா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கிய கிறிஸ்தவர். ஜிபி இங்கேயே பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு மாங்காய் திருடி வளர்ந்தவன்.

தண்ணீர் முறை வைத்து வரும். ஒரு மடைக்கு முறை என்றால் மற்ற மடைகள் அடைத்திருக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் வாய்க்கால் ஊருக்குள் நுழைகிற தலைமடையில் ஆளாளுக்குக் குழாயை உள்ளே இறக்கி மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். கடைமடைக்கு முறை வருகிறபோது, பொங்கியண்ணன் சொல்கிற மாதிரி, மாடு மோண்ட அளவுக்குத்தான் தண்ணீர் வரும்.

ராமாத்தாள் பல வருஷமாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமடைக்கு எவ்வளவு தண்ணீரோ கடைமடைக்கும் அவ்வளவு. வாய்க்கால் ஆபீசில் கேட்டாள். "நோக்காம் அம்மா" என்றார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம். கிராமசபையில் கேட்டாள். மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரிடம்கூட ஒரு தரம் கேட்டுவிட்டாள். அவர் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு, "அது என் டிபார்ட்மென்ட் இல்லைம்மா" என்றார்.

இந்த வருஷம் கடலைக்காய் போட்டிருந்தாள். பூ விட்டு, பூவிலிருந்து ஊசி இறங்குகிற நேரம். மண் பொதுபொதுவென்று இருந்தால்தான் ஊசி உள்ளே போய்க் காயாகும். மண் இறுகிப்போனால் ஊசி தரையைத் தொட்டுவிட்டு அப்படியே கருகி நிற்கும். அவள் தினமும் பாத்திக்குள் குனிந்து செடியை விலக்கிப் பார்த்தாள். ஊசிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மண்ணை விரலால் குத்தினாள். நகம்தான் வலித்தது.

சட்டசபைத் தேர்தல் வந்தது அப்போதுதான்.

பூபதிராஜா வெள்ளைச் சட்டையோடு வண்டியில் வந்து இறங்கினான். ராமாத்தாளின் அண்ணன் மகன். மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறான். தலைமடையில் அண்ணன் வாங்கிப் போட்ட தென்னந்தோப்பு இப்போது அவனுடையது. கட்சியில் தமிழர் பிரிவுக்குக் கன்வீனர் ஆகியிருந்தான்.

"வாங்க மாப்ள. மோர் குடிக்கறீங்களா?"

"அப்பறம் குடிக்கலாமுங் அத்தை. நீங்க கேக்கறது சரி. கேக்கற விதந்தான் சரியில்லைங்."

"எப்படிக் கேக்கோணும்?"

"கடைமடைன்னு கேக்கறீங்க. கடைமடைல எத்தன ஓட்டு? ரெண்டு ஊடு. தமிழ்க்காரங்கன்னு கேளுங்க. தொகுதியே திரும்பிப் பாக்கும். பாஷையில நாம சிறுபான்மைங் அத்தை. அதுக்கு ஒரு மதிப்பு இருக்குது."

"ஜிபியுந்தான் கடைமடை. அவன் என்னன்னு கேப்பான்?"

"அவன் அவுங்க சர்ச்சுல கேட்டுக்குவான். அது அவன் சோலி."

கட்டிலிலிருந்து பொங்கியண்ணன், "மாப்ள சொல்றதுல ரோசனை இருக்குது" என்றார். ராமாத்தாள் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மேலும் கீழும் நடந்தாள். பூபதிராஜா கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளைப் பார்க்க வேண்டியிருந்தது.

ரேஷன் கடைக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். வேட்பாளர் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார். உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்து, "தமிழ்ச் சொந்தங்களே" என்று தொடங்கினார். கை தட்டினார்கள். அதற்கப்புறம் மலையாளத்தில் பேசினார். அதற்கும் தட்டினார்கள். பூபதிராஜா ராமாத்தாளை மேடைக்கு ஏற்றி மைக்கைக் கொடுத்தான்.

தலைமடையில் உறிஞ்சுகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள். எல்லாரும் தமிழ்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாங்க தமிழ்க்காரங்கங்கறதுனால எங்குளுக்குத் தண்ணி வுடறதில்லைங்க."

முன்வரிசைதான் பலமாகத் தட்டியது. வேட்பாளர் எழுந்து வந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். பூபதிராஜா காதோரம் வந்து, "நன்றி சொல்லுங் அத்தை" என்றான். சொன்னாள். "மைக்குல சொல்லுங்." மறுபடியும் சொன்னாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது துண்டு தோளில் கனத்தது. அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து விடிந்த நேரத்தில் வாய்க்காலில் சத்தம் கேட்டது. மேட்டுக்கு ஓடினாள். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. செத்தை, தேங்காய் மட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்து வந்தன. இவ்வளவு தண்ணீரை அவள் மடையில் பார்த்ததே இல்லை. மடையைத் திறந்தாள். மம்புட்டியால் ஒரு வெட்டு வெட்டினாள். தண்ணீர் கரகரவென்று முதல் பாத்திக்குள் இறங்கியது. மண் சீறிக் குடித்தது. ராமாத்தாள் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி மாற்றிவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தது அவளுக்கே தெரியவில்லை.

பாதித் தோட்டம் நனைந்திருக்கும். நிமிர்ந்தபோது ஜிபி வாய்க்கால் கரையில் நிற்பதைப் பார்த்தாள். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். தன் மடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடைப் பலகையில் சங்கிலி சுற்றிப் புதுப் பூட்டு தொங்கியது.

ராமாத்தாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இது ஜிபியின் முறை. சனிக்கிழமை வரைக்கும் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு.

"ஆரு பூட்டுனது?"

"லஸ்கர்." வாய்க்காலில் மடை திறந்து மூடுகிற ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். "மேல இருந்து சொல்லிட்டாங்கன்னு சொன்னான். எலக்ஷனுக்காக அணையில கூடத் தண்ணி விட்டிருக்கு, இந்த வாரம் தமிழ்க்காரங்களுக்கு. நான் பறஞ்சேன், எடோ, என் வெள்ளரி சாகும். அவன் சாவியைப் பாக்கெட்ல இட்டுட்டுப் போயி."

ஜிபி விஷுவுக்காகக் கணி வெள்ளரி போட்டிருந்தான். விஷு அன்று காலையில் ஒவ்வொரு வீட்டிலும் கண்விழித்துப் பார்க்கிற மஞ்சள் வெள்ளரி. அன்றைக்கு அதற்கு விலை. மறுநாள் மாட்டுக்குத்தான். கொடி இப்போது பிஞ்சு பிடித்திருந்தது. இந்த வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும்.

"உன்ற சர்ச்சுக்கு வந்தாங்களே, அவிங்ககிட்டச் சொல்றதுதான?"

"வந்தாங்க அக்கா. ரெண்டு கட்சியும் வந்துச்சு. சர்ச்சுக்கு மதில் கட்டித் தர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க." ஜிபி பூட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். "மதிலைக் கரைச்சு வெள்ளரிக்கு ஊத்தட்டா?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"உங்களைக் குத்தம் சொல்லல அக்கா. நானும் மத்தக் கட்சிக்காரங்களைப் போயிப் பாக்கப் போறேன். எங்க ஆளுகளைக் கூட்டிட்டு. அவங்க ஜெயிச்சா பூட்டு உங்க மடைக்கு மாறும். பின்னே வேற என்ன செய்ய?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ராமாத்தாள் மம்புட்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அடுத்த பாத்திக்குத் தானாக உடைத்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து பொங்கியண்ணனிடம் சொன்னாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வந்த தண்ணிய வுடு. எத்தன வருசம் நம்ம பாத்தி வெடிச்சுக் கெடந்துது, ஆரு வந்து பாத்தா?"

"முறை அவனுதுங்க."

"அவன் மட்டும் ஓக்கியனா? போன வருசம் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நம்ம முறையில அவன் மடைய ஒரு பொழுது தொறந்து வெச்சவந்தான? நீ வந்து கத்தல?"

"கத்துனன். அடைச்சுட்டான்."

"அதுக்கு?"

"எனக்குக் கத்தறதுக்கு வாய் இருந்துச்சுங்க. இப்ப அவன் கத்துனா ஆருகிட்டக் கத்தறது? பூட்டுக்கிட்டயா?"

பொங்கியண்ணன் மறுபடி கட்டிலில் சாய்ந்தார். பிறகு, "நீதான மேடையில போயிக் கேட்ட" என்றார். குத்திக் காட்டவில்லை. சும்மா ஞாபகப்படுத்துகிறவர்போலச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அவள் பூபதிராஜாவுக்குப் போன் போட்டாள். அவன் கட்சி ஜீப்பிலேயே வந்தான். பின்னால் மைக்செட், ஓலைத்தட்டியில் வேட்பாளர் படம், தமிழில் பெரிய எழுத்து. சேற்றில் கால் வைக்காமல் மேட்டிலேயே நின்றான்.

"தண்ணி வந்துருச்சுங்களா அத்தை? சொன்னனல்ல?"

"மாப்ள, அந்தப் பூட்ட எடுக்கச் சொல்லுங்க."

"எந்தப் பூட்டுங்?"

"ஜிபி மடைப் பூட்டு. நான் கேட்டது இதில்லீங்க. தலைமடைக்கு எவ்வளவோ எங்குளுக்கும் அவ்வளவுன்னு கேட்டன். உங்க தோப்புக் குழாய எடுத்தாப் போதும், எனக்கும் வரும், அவனுக்கும் வரும். அத எடுக்காம அவன் முறையப் புடுங்கி எனக்குக் குடுத்துட்டீங்க."

பூபதிராஜா ஜீப்காரனைத் திரும்பிப் பார்த்தான். குரலை இறக்கினான்.

"தலைமடைல கை வெக்க முடியுமுங்களா? அத்தனையும் நம்ம ஓட்டு. அத்தை, நீங்க வெவரம் தெரியாமப் பேசறீங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குடுத்தா எவனாவது நம்மளால வந்துச்சுன்னு சொல்லுவானா? பொதுவாக் குடுத்தது ஆரு கணக்குலயும் சேராதுங். உனக்குன்னு எடுத்துக் குடுத்தாத்தான் ஞாபகம் இருக்கும்."

"ஜிபிக்கும் ஞாபகம் இருக்கும்."

"அவன் எப்படியும் நமக்குப் போட மாட்டானுங்."

அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் இவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நடந்தால்தான் அழுகையை நிறுத்துவான்.

"நீங்க போங்க மாப்ள."

"ஆயிரம் பேத்துக்கு முன்னால நன்றி சொன்னவங்க நீங்க. இப்ப இப்படிப் பேசுனா எனக்கு என்னங் மரியாதை? அடுத்த முறைக்கு என்கிட்ட வராதீங்." ஜீப்பில் ஏறிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் மைக் பேச ஆரம்பித்தது.

ராமாத்தாள் தோட்டத்துக்குள் இறங்கினாள். மேல்பாத்திகள் நனைந்து மினுங்கின. கீழ்ப்பாத்திகளுக்குத் தண்ணீர் இன்னும் போகவில்லை. பூட்டை உடைக்கலாம். கடப்பாரை இருக்கிறது. ஆனால் அது ஆபீஸ் பூட்டு. கேஸ் என்றால் ஜிபியின் மேல்தான் எழுதுவார்கள்.

அவளுடைய மேல்பாத்திக்கும் ஜிபியின் வெள்ளரிக் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு. ஜிபியின் பக்கம் ஒரு முழம் பள்ளம். வரப்பை வெட்டினால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். தெரிந்த விஷயம்தான். ஆனால் அது பொது வரப்பு. அந்த வட்டாரத்தில் பொது வரப்பின் மேல் யாரும் தனியாக மம்புட்டி வைக்க மாட்டார்கள். மண் அணைப்பதென்றால்கூட இரண்டு தோட்டத்துக்காரரும் வந்து நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டுவார்கள். ஒரு சாண் வரப்புக்காகப் பக்கத்துச் சித்தூர் கோர்ட்டுக்கு நடந்தே செருப்புத் தேய்ந்த அண்ணன் தம்பிகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இன்றைக்கும் ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் பந்திக்கு வருவார்.

ராமாத்தாள் வரப்பு மேல் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். கீழ்ப்பாத்தியைப் பார்த்தாள். தண்ணீர் அதன் வாயில் வந்து நின்றிருந்தது. இன்னொரு பொழுது விட்டால் அதுவும் நனைந்துவிடும். ஊசி இறங்கிவிடும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. மேடையில் கேட்டாள், கிடைத்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

மம்புட்டியை ஓங்கி வரப்பில் போட்டாள்.

மண் இறுகியிருந்தது. இரண்டாவது வெட்டில் ஒரு கட்டி பெயர்ந்தது. வெள்ளரிக் காட்டின் அந்தக் கோடியிலிருந்து ஜிபி கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"வரம்பைத் தொடாதீங்க அக்கா! வரம்பைத் தொட்டீங்கன்னா நல்லா இருக்காது! வெள்ளமும் எடுத்து இப்ப நிலமுமா?"

அவள் நிமிரவில்லை. மூன்றாவது, நான்காவது வெட்டு. ஜிபி பக்கத்தில் வந்து கையை நீட்டினான், மம்புட்டியைப் பிடிக்க. அதற்குள் வரப்பு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் அவன் கால்மேலேயே பாய்ந்து வெள்ளரிக் காட்டுக்குள் இறங்கியது.

ஜிபி கையை நீட்டியபடியே நின்றான். தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு ஓடினான். தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த தன் மம்புட்டியை எடுத்து வந்து, வெட்டின இடத்தை அவன் பக்கத்திலிருந்து அகலப்படுத்தினான். கொடிக்கு அடியில் வாய்க்கால் இழுத்தான். ராமாத்தாள் தன் கீழ்ப்பாத்திக்குப் போகிற வாயை மண் போட்டு அடைத்தாள். வெயில் உச்சிக்கு வந்தது.

கடைசியில் ஜிபி லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"சனிக்கிழமை வரைக்கும் எனக்கு."

"தெரியும்."

"ராவிலே பாதியிலே அடைச்சுடக் கூடாது."

"அடைச்சா வந்து கத்து."

"கத்துவேன்." கொடியைத் தூக்கி ஒரு பிஞ்சைத் தடவிப் பார்த்தான். திரும்பி நடந்துவிட்டான்.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராமாத்தாளுக்கு அது பிடித்திருந்தது. அவன் தண்ணீர். அவன் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? பொன்னாடை போர்த்திய அன்றிலிருந்து நெஞ்சில் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டு கிடந்தது. அது கொஞ்சம் அசைந்து கொடுத்தது. அசைந்ததே தவிர இறங்கவில்லை.

ஏனென்றால் கீழ்ப்பாத்தி காய்ந்து கிடந்தது. செடியை விலக்கிப் பார்த்தாள். ஊசிகள் மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றன. ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. அவள் நியாயமான முறை. அன்றைக்குத் தலைமடைக் குழாய்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். அணையில் கூடுதலாக விடச் சொல்லப் பூபதிராஜா வரமாட்டான். மாடு மோண்ட அளவுக்குத்தான் வரும்.

வீட்டில் பொங்கியண்ணன், "சோறு ஆறுது" என்றார். அவள் வட்டிலை எடுத்தாள். இரண்டு வாய் தின்றாள். வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் நடந்தாள். வட்டிலைத் திண்டில் வைத்துவிட்டு மம்புட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இந்த வெயில்ல எங்க?"

"தலைமடைக்குங்க."

"அங்கெல்லாம் நம்ம சனம், புள்ள. மூஞ்சிய முறிச்சுக்காத."

"நம்ம சனந்தானுங்க. அதுனாலதான் போறன்."

வாய்க்கால் கரையோடு நடந்தாள். மடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நடக்க நடக்கத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே வந்தது. தென்னந்தோப்பு வந்ததும் மோட்டார் சத்தம் கேட்டது. பூபதிராஜாவின் கறுப்புக் குழாய் கரையிலிருந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தோப்புக்குள் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. ஜீப் நிழலில் நின்றது. வேட்பாளர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பூபதிராஜாவும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராமாத்தாள் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"மாப்ள, மோட்டார நிறுத்துங்க."

பூபதிராஜா சோற்றுக் கையோடு எழுந்தான். "என்னங் அத்தை, இங்க வந்து?"

"ஜிபி முறை ஓடுது. குழாய எடுங்க. ஞாயித்துக்கெழமை என்ற முறை. அன்னைக்கும் இது உள்ள இருக்கக் கூடாது."

"அத்தை, வெளையாடாதீங்."

"தமிழ்லதான சொல்றன். புரியலீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பூபதிராஜா சிரிக்கவில்லை. "உக்காருங், பேசிக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மம்புட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் ஊன்றினாள். கால் மாற்றி நின்றாள். மறுபடி கால் மாற்றினாள். அவன் மோட்டாரை நிறுத்தும் வரைக்கும் அங்கிருந்து போவதில்லை என்று இருந்தாள். நிற்பது அவளுக்குப் பழக்கம்தான்.